அப்பா பக்கத்துக் கேமரா

பிள்ளைகளே, உங்களுக்கு வெளியூரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் போனைக் கையில் எடுத்தால் போதும். எதிரில் இருப்பவர் பல் தேய்க்கிறாரா, தூங்கி வழிகிறாரா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அப்படி இல்லை. அப்பாவோடு பேசுவதற்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, தலைவாரி, நல்ல துணி உடுத்தி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி பஸ் ஏறி நன்னிலத்துக்குப் போவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஐந்து கம்ப்யூட்டர். அதில் நாலாம் நம்பருக்கு மட்டும்தான் கேமரா.

அப்பா துபாய்க்குப் போயிருந்தார். அதற்கு முன்னால் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போட்டுக்கொண்டிருந்தவர். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் அறுப்பு நேரத்தில் மழை கெடுத்தது. குத்தகையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்ததையெல்லாம் ஓர் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவரை வழியனுப்ப எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பாதித் தெரு வந்திருந்தது. யாரோ கதம்ப மாலைகூடப் போட்டார்கள். அப்பா அந்த மாலையோடேயே பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது என் தங்கை பிறக்கவில்லை. அம்மா வயிற்றில் இருந்தாள்.

போய்ச் சேர்ந்த பிறகு அப்பா போன் பண்ணுவது அபூர்வம். போனில் பேசினால் காசு அதிகம், கம்ப்யூட்டரில் பேசினால் மலிவு என்று யார் மூலமாகவோ சொல்லி அனுப்பினார். அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன.

சென்டர்காரர் முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். எல்லோரும் அவரை சார் என்பார்கள். வாய் சும்மா இருக்காது. யாரைப் பார்த்தாலும் ஒரு குத்தல் வரும், ஆனால் அதில் விஷம் இருக்காது.

முதல் ஞாயிறு எங்கள் பக்கத்துக் கேமராவே வேலை செய்யவில்லை. மானிட்டர் தலையில் தவளை மாதிரி உட்கார்ந்திருந்ததே தவிர, அதன் விளக்கு எரியவில்லை. அப்பா குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

"தம்பி, பின்னாடி அந்த வயர் சொருகியிருக்குல்ல, அதைப் புடுங்கிட்டுத் திருப்பிச் சொருகு. அவசரப்படாத. நிதானமா."

நான் மேசைக்கு அடியில் புகுந்து பிடுங்கிச் சொருகினேன். வரவில்லை. பக்கத்து ஓட்டையில் சொருகச் சொன்னார். சொருகினேன். விளக்கு எரிந்து உடனே அணைந்தது. "அப்ப ஓட்டை லூசா இருக்கு. ஏதாவது காகிதம் இருந்தா மடிச்சு அண்டை குடு பார்ப்போம்" என்றார். நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து, வயர் முனையிலிருந்த முளைக்கும் ஓட்டைக்கும் நடுவில் செருகினேன். பச்சை விளக்கு நின்று எரிந்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தோம். ரொம்ப நேரம் கழித்து அப்பா, "பாப்பா உன்னை மாதிரியே இருக்காடா" என்றார். தங்கையை அவர் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார்.

ஆனால் எங்களுக்கு அவர் தெரியவில்லை. எங்கள் திரையில் இரண்டு கட்டம் உண்டு. சின்னக் கட்டத்தில் நாங்கள். பெரிய கட்டத்தில் அப்பா வர வேண்டும். அது வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

"அங்க கேமரா இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? துபாய்ல இல்லாததா? இருக்கு. ஆனா கனெக்ட் ஆவ மாட்டேங்குது."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் பஸ் டிக்கெட்டால் சரியானது அந்தப் பக்கம் ஒரு காகிதத்தால் சரியாகாதா? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம்.

அடுத்த வாரமும் சாம்பல். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

அப்போதிருந்து அதைச் சரிபண்ணுவது என் வேலையாகிவிட்டது. என் பள்ளிக்கூடம் நன்னிலத்தில்தான். சாயங்காலம் மணி அடித்ததும் சென்டருக்கு ஓடிப்போய், "சார், கேமரா கனெக்ட் ஆவலேன்னா வேற என்ன சார் பண்ணணும்?" என்று கேட்பேன். அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்வார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட வேண்டும். டிரைவர் சிடியைப் போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். வேறு புரோகிராம் ஏதாவது கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா பார்க்க வேண்டும். முளையில் துரு இருந்தால் அழிரப்பரால் தேய்க்க வேண்டும். எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக அப்பாவுக்குச் சொல்வேன்.

"வாங்க இன்ஜினியர் சார்! உள்நாட்டு ரிப்பேரெல்லாம் முடிச்சு வெளிநாட்டுக்குப் போயாச்சா?" என்பார் சென்டர் சார்.

அப்பா எதற்கும் சலித்துக்கொள்ள மாட்டார். "இரு, பாக்கறேன்" என்பார். கொஞ்ச நேரம் மேசையில் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்கும். "செஞ்சுட்டேன் தம்பி. வரல." நான் அடுத்ததைச் சொல்வேன். மறுபடி சத்தம். "ம்ஹும்." எனக்குக் கோபம் வரும். "நீங்க சரியா சொருகலப்பா! நல்லா அமுக்கிச் சொருகுங்க!" என்று அதட்டுவேன். அம்மா என் தொடையில் கிள்ளுவாள். அப்பா சிரிப்பார். "திட்டட்டும் விடு. அவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

அம்மா பேசுவது கொஞ்சம்தான். முக்கால்வாசி நேரம் அந்தச் சாம்பல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முன்னால் விழுந்த முடியை ஒதுக்கிக்கொள்வாள். அப்பா, "புடவை புதுசா?" என்பார். "போன தீபாவளிக்கு எடுத்ததுங்க" என்பாள். அவருக்கு நாங்கள் தெரிகிறோம், எங்களுக்கு அவர் தெரியவில்லை. இருட்டில் நிற்கிற ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி.

தங்கைக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அவள் பேச ஆரம்பித்த நேரம் அது. "அப்பா எங்க?" என்று கேட்டால், குனிந்து அந்தச் சாம்பல் கட்டத்தைத் தொட்டு, "ப்பா" என்பாள். சென்டரில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். துபாயில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை அவள் ஒரு நாளும் தப்பவிட்டதில்லை. காலையில் உலை வைக்கும்போது, "இப்பதான் அங்க அஞ்சு. எழுந்திருச்சிருப்பாங்க" என்பாள். லீவு நாளில் நான் மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்தால், "அங்க பதினொன்றரை. இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே சோறு போடுவாள். எங்கள் வீட்டில் ஒரு கடிகாரம்தான். அம்மாவுக்குள் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆற்றில் தண்ணீர் புதிதாக வந்து, செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததும் பெண்களெல்லாம் மஞ்சள், கருகமணி, காதோலை, அரிசி, பழம் எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போய்விட்டார்கள். சாமி கும்பிட்டுவிட்டு, அங்கேயே ஒருவருக்கொருவர் பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புது மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். அம்மா சாமி மட்டும் கும்பிட்டாள். கயிறு மாற்றிக்கொள்ளவில்லை. புதுக்கயிற்றை ஒரு வெற்றிலையில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு அத்தை கேட்டார். "ஏம்மா, ஆத்துல தண்ணி ஓடுது, நல்ல நாளும் அதுவுமா கயித்தைப் பையில வச்சுக்கிட்டு எங்க போற?"

"அவங்களைப் பாத்துக்கிட்டே கட்டிக்கறேன் அக்கா."

"எங்க பாக்கறது? அதான் மூஞ்சியே தெரிய மாட்டேங்குதுன்னு சொன்னியே."

"இன்னைக்குத் தெரியும்" என்றேன் நான், நடுவில் புகுந்து. வீறாப்பாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நோட்டில் எழுதியிருந்த எல்லாவற்றையும் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது.

அன்றைக்கு சென்டரில் கூட்டம் இல்லை. சார், ஸ்பீக்கரையே போட்டுக்கொள்ளச் சொன்னார். பத்தரைக்கு அப்பா வந்தார். வெறும் குரலாக, எப்போதும் போல. அம்மா வெற்றிலையைப் பிரித்துக் கயிற்றைக் கேமராவுக்கு நேரே காட்டினாள்.

"இன்னைக்குப் பெருக்குங்க. நீங்க பாத்துக்கிட்டு இருங்க, நான் கட்டிக்கறேன். நானும் உங்களைப் பாத்தா நல்லா இருக்கும். ஒரு தடவை முயற்சி பண்ணுங்களேன்."

அப்பா, "இரு. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

அவர் எழுந்து போனதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பாவுக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை. அங்கேயும் ஒரு சென்டர்காரர் இருப்பாரே! அவரிடம் நேராகச் சொன்னால் என்ன? நான் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு கத்தினேன்.

"அண்ணே! கடைக்கார அண்ணே! கேமரா அண்ணே!"

"கத்து, கத்து. கம்ப்யூட்டர் இல்லாமலே துபாய்க்குக் கேக்கட்டும்" என்றார் எங்கள் சார்.

நாலைந்து தடவை கத்தியிருப்பேன். திடீரென்று ஒரு கனத்த குரல் வந்தது. "யாருப்பா அது, இந்தக் கத்து கத்தற?" தமிழ்தான். துபாயில் தமிழ்க்காரர்கள் நிறைய என்று அப்பா சொல்லியிருந்ததால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

"அண்ணே, அங்க கேமரா கனெக்ட் ஆவலண்ணே. ஏழு மாசமா ஆவல. கொஞ்சம் பாருங்கண்ணே!"

"கனெக்ட் ஆவலயா? இதோ புடுங்கித்தானேப்பா போட்டிருக்கு. சொருகினா வரப்போவுது."

டக் என்று ஒரு சத்தம்.

சாம்பல் கட்டம் கறுத்தது. பிறகு கோடு கோடாக என்னவோ ஓடி, ஒரு படம் வந்து நின்றது. ஒரு காலி நாற்காலி. பின்னால் பச்சைச் சுவர். சுவரில் ஒரு கடிகாரம். "அம்மா! வந்துடுச்சு! வந்துடுச்சும்மா!" என்று குதித்தேன். சார்கூட எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார். "இன்ஜினியரு சாதிச்சுட்டாருடா!"

அப்பா அந்தப் படத்துக்குள் நடந்து வந்தார்.

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். துண்டில் மஞ்சள் கறை. ரொம்ப இளைத்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. ஊரிலிருந்து போகும்போது போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. கேமரா எரிவதைக் கவனிக்காமல் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். நாங்கள் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது அவர் முகம் இருந்த மாதிரி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுகிற முகம் இல்லை. அழுது முடித்த முகம்.

தங்கை அவரைப் பார்த்துவிட்டு வீலென்று கத்தினாள். அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். யாரோ புது ஆள் அல்லவா?

அம்மா அவளைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் கண் திரையிலேயே இருந்தது. அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் தலைக்கு மேலே பார்த்தாள். பிறகு திரும்பி, எங்கள் சென்டர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அங்க மணி என்ன ஆவுது?"

"ஒன்பது பத்து" என்றார் அப்பா. யோசிக்கவே இல்லை. ஏழு மாதப் பழக்கம்.

நான் திரையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது. எங்கள் சுவரிலும் பத்து நாற்பது.

"அப்பா! உங்க கடிகாரம் தப்பா ஓடுதுப்பா!" என்று கத்தினேன். "ஒன்றரை மணி நேரம் ஃபாஸ்ட்டு! பேட்டரி பாக்கச் சொல்லுங்க!"

எனக்கு அன்றைக்கு இருந்த உற்சாகத்தில், கேமரா சரியான கையோடு கடிகாரத்தையும் சரிபண்ணிவிடலாம் என்று தோன்றியது.

அப்பா மெதுவாகத் திரும்பித் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தவர் திரும்பவே இல்லை. அவர் பின்னந்தலையையும், சட்டைக் காலரின் கிழிசலையும்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சென்டர் சார் என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார்.

அப்புறம் அப்பாவின் கை நீண்டு வந்தது. பெரிதாக, படம் முழுக்கக் கை. பிறகு பழையபடி சாம்பல்.

தங்கை அழுகையை நிறுத்தினாள். எட்டி அந்தக் கட்டத்தைத் தொட்டு, "ப்பா" என்றாள்.

அம்மா அவளை என் மடியில் உட்கார வைத்தாள். எங்கள் பக்கத்துக் கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா அதற்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, புதுக்கயிற்றைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள். இன்னொருவர் கட்டிவிட வேண்டியது அது. பின்னால் கை எட்டாமல், முடிச்சை முன்பக்கமாகவே போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவசரமில்லாமல் போட்டாள்.

"வந்துடுங்க" என்றாள். "ஒண்ணும் வேண்டாம். கிளம்பி வந்துடுங்க."

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. திரையில் அப்பா பெயர் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புள்ளி எரியவில்லை.

பிள்ளைகளே, நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அந்தக் கனத்த குரல்காரர் அவசரத்தில் தப்பான ஓட்டையில் சொருகி, அப்பா பக்கத்துக் கம்ப்யூட்டரையே கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சொருகச் சொன்னது நான். அதனால் என்மேலும் பாதித் தப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் சென்டருக்குப் போய், எங்கள் கேமராவின் முளையை ரப்பரால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்வேன். எங்கள் பக்கம் பளிச்சென்று இருந்தால் அந்தப் பக்கமும் எப்படியோ சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. சார் என்னை அதன் பிறகு இன்ஜினியர் என்று கூப்பிடவில்லை. "தேய்ச்சது போதும்டா. வீட்டுக்குப் போ" என்பார்.

அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் சோறு போடும்போது அங்கே மணி என்ன என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பேசாமல் சாப்பிடலாமே.

மயிலாடுதுறையில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் வந்தார். அம்மாவும் அவரும் அடுப்பங்கரையில் வெகுநேரம் மெதுவான குரலில் பேசினார்கள். அப்பாவோடு சேர்ந்து துபாய்க்குக் கிளம்பியவர்களில் ஒருவர் திருவிடைமருதூர்க்காரர். மாமா அவரைத் தேடிப் போனார். அந்த ஆள் எப்போதோ ஊருக்குத் திரும்பி, வெளியில் தலைகாட்டாமல் இருந்திருக்கிறார். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு மாமா சென்னைக்கு ரயில் ஏறினார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

ஏஜென்ட் அத்தனை பேரையும் மும்பை வரைக்கும் கூட்டிப்போய் ஓர் அறையில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். யாரும் விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பலர் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். அப்பா மட்டும், மாலை போட்டு அனுப்பின ஊருக்கு எந்த முகத்தோடு போவேன் என்று சொல்லிவிட்டு, சென்னையில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலையில் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும், முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு சென்டருக்குப் போய்விடுவாராம். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால், "புள்ளைங்களை" என்பாராம்.

"இப்ப எங்கடா இருக்காங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அதான்க்கா" என்றார் மாமா. "பெருக்கு அன்னைக்குச் சாயங்காலமே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாராம். ஊருக்குப் போறேன், வீட்டுல கூப்பிட்டுட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

அம்மா எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். சோறு பாதி வேக்காட்டில் இருந்தது.

உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. மாமா போலீஸில் எழுதிக்கொடுத்தார், ஆஸ்பத்திரிகளில் தேடினார், ரயில்வேக்காரர்களிடம் விசாரித்தார். எங்கேயும் எதுவும் தெரியவில்லை. நான் வளர்ந்து, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் சில விஷயங்களை எண்ணிப் பார்த்தேன். தன் பக்கத்துக் கேமராவைப் பிடுங்கிப் போட்டவர் அவர்தான். எங்கள் பக்கத்துக் கேமரா எரிய வேண்டுமென்று, காகிதத்தை மடித்து வைக்கிற வரைக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒவ்வொரு வாரமும் நான் அதட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மேசையில் எதையோ நகர்த்தி நகர்த்திச் சத்தம் காட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அன்றைக்குக் கத்தாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பாரோ.

ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற பையனுக்கு இதில் எதுவும் ஏறவில்லை. அவன் காதில் விழுந்தது இரண்டுதான். அப்பா சென்னையில் இருந்திருக்கிறார். அப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

துபாய் என்றால் கடல் தாண்ட வேண்டும். சென்னை என்றால் ராத்திரி ஏறினால் விடிகாலை வந்துவிடலாம். இவ்வளவு கிட்டத்தில் இருந்தாரா? இது நல்ல சேதிதானே, இதற்குப் போய் அம்மா ஏன் இடிந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. ஒரு ராத்திரிப் பயணத்துக்குக் கிளம்பியவர் இரண்டு மாதமாக வரவில்லை என்ற கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மணி அடித்ததும் சென்டருக்கு ஓடினேன். படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

"சார்! எங்கப்பா துபாய்ல இல்ல சார்! சென்னையிலதான் இருந்திருக்காரு. கிட்டத்துலயே! கிளம்பிட்டாராம் சார். இனிமே எங்களுக்குக் கேமராவே வேண்டாம்!"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

நான் நாலாம் நம்பர் மேசைக்கு அடியில் புகுந்து, கேமரா வயரை நானே பிடுங்கினேன். அழகாகச் சுருட்டி, அவர் மேசைமேல் வைத்தேன். நான் போய்ச் சேருவதற்குள் அப்பா வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.